இயக்குநர் (பொ)

என் அறைக் கதவில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. ‘ஆராய்ச்சி இயக்குநர் (பொ)’ என்று அதில் பொறித்திருக்கும். ‘பொ’ என்றால் பொறுப்பு. உண்மையான ஆள் வரும்வரை நாற்காலியில் தூசி படியாமல் பார்த்துக்கொள்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஆறு மாசத்துக்கு மட்டும் பாத்துக்கோங்க ப்ரொஃபசர்” என்று துணைவேந்தர் அம்மா சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. மாணவர்கள் எனக்குப் ‘பொம்மை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்ற நினைப்பில் வராந்தாவில் சத்தமாகவே சொல்வார்கள்.

இருநூற்றுச் சொச்சம் ஆராய்ச்சித் திட்டங்கள், அவற்றின் அறிக்கைகள், கருவிகளுக்கான முன்பதிவு, கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று சின்னப் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொள்ளும் பேராசிரியர்கள், எல்லாம் என் தலையில்தான் விழும். வேலை முழு இயக்குநருடையது, மரியாதை மட்டும் அடைப்புக்குறிக்குள். எனக்கு அந்த அடைப்புக்குறி போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகத்தான் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அந்தப் பதவிக்கு நிரந்தரமாக ஆள் எடுப்பது என்று முடிவானது. துணைவேந்தர் தலைமையில் நான்கு பேர் கொண்ட தேர்வுக் குழு. விளம்பரத்தை எழுதித் தரச் சொல்லி என்னிடமே வந்தார்கள். விடுவேனா? எனக்கென்றே அளவெடுத்துத் தைத்தேன். நிர்வாக அனுபவம் மூன்று ஆண்டுக்குக் குறையாமல். பொதுக் கருவிக்கூடம் ஒன்றை நடத்திய பழக்கம். பல துறைகளை ஒன்றுசேர்த்து வேலை வாங்கும் திறமை. துணைவேந்தர் படித்துப் பார்த்துவிட்டு, “பெரிய ஆய்வுக் குழுவை ஆரம்பத்துலேர்ந்து உருவாக்கினவரா இருந்தா நல்லது” என்று ஒரு வரி சேர்த்தார். சேர்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள், கெடு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நானும் விண்ணப்பம் போட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் கூட.

இது எப்படி என்று கேட்பீர்கள். மூன்று வருடமாக நான் வீட்டில் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தேன். “அந்த நாற்காலியா? தங்கத் தட்டுல வச்சுக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.” கேட்டுக் கிடைக்காமல் போனால் தலைகுனிவு. கேட்கவே இல்லையென்றால் தலைகுனிவுக்கு வழியே இல்லை பாருங்கள். அந்த மாதிரி ஒரு புத்திசாலித்தனம் எனக்கு. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு பக்கமும் சரியாக இருந்தால்தான் நம்புவாள். நான் சொன்னதை மட்டும் அப்படியே நம்பிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை, காபியை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

“என்னங்க, ஒரு நல்ல சேதி. தங்கச்சி வீட்டுக்காரரை உங்க யுனிவர்சிட்டில இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காங்க. கடைசி மூணு பேர்ல அவரும் ஒருத்தராம்.”

“எந்த வேலைக்கு?”

“அதாங்க, உங்க டைரக்டர் வேலைக்கு. நான்தான் விளம்பரத்தைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். உங்களுக்குத்தான் வேண்டாமே! அவராவது வந்தா நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருக்கலாம்ல?”

அந்த மூன்று பேரில் நானும் ஒருவன், எனக்கும் கடிதம் வந்திருந்தது.

என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தங்கை புருஷன். என்னைவிட ஆறு வயது சின்னவன். என் கல்யாணத்தில் எனக்குத் தலைநிறைய முடி இருந்தது, அவன் கல்யாணத்தின்போது கொட்டிவிட்டது. அவனுக்கு இன்றைக்கும் காடு மாதிரி நிற்கிறது. நாற்பது பேர் வேலை செய்யும் ஆய்வு மையம் ஒன்றை ஒரு காலி அறையிலிருந்து உருவாக்கியவன். பத்திரிகையில் படம் வரும். மாமனார் வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். என் படமும் அந்த வீட்டில் இருக்கிறது, மேஜை இழுப்பறையில், பாஸ்போர்ட் அளவில். நாலு பேர் வந்தால் மாமனார், “இவர் பெரிய மாப்பிள்ளை” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். “இவர் சின்ன மாப்பிள்ளை” என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் ஆகும்.

இவ்வளவுக்கும் அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. சாப்பிட்டால் தட்டைத் தானே கழுவி வைப்பான். அவன் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்துபோன பிறகு நானும் கழுவ வேண்டியதாயிற்று. எனக்கு வயிறு எரிந்தது என்றால் சும்மா இல்லை, பன்னிரண்டு வருடமாக அணையாமல் எரிந்தது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை சகலையும் கொழுந்தியாளும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். நேர்காணல் திங்கட்கிழமை. அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டார்கள். எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்று சாப்பாட்டு மேஜையிலேயே பேச்சு தொடங்கிவிட்டது.

“மாமா, உங்க பக்கத்துத் தெருவுலயே ஒரு வீடு காலியாம். அக்கா சொன்னா” என்றாள் கொழுந்தியாள்.

“இன்னும் வேலையே கிடைக்கல” என்றேன்.

“கிடைச்சிரும் மாமா. நீங்க இருக்கீங்கல்ல?”

சகலை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தான். “அண்ணா, ஒண்ணு கேக்கணும். நீங்க அப்ளை பண்ணலயா? மூணு வருஷமா நீங்கதான் பாக்கறீங்க. நீங்க போட்டிருந்தா நான் இங்க வரதே தப்பு.”

அந்த நிமிடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். ‘ஆமாம் தம்பி, போட்டிருக்கேன்’ என்றால் நாலு வார்த்தையில் முடிந்திருக்கும். மேஜையில் மூன்று முகங்கள் என்னையே பார்த்தன.

“சேச்சே! எனக்கெதுக்கு அதெல்லாம்?” என்றேன்.

“இவருக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே பிடிக்காது” என்று என் மனைவி எனக்காகச் சாட்சி சொன்னாள். சகலை நிம்மதியாக மீண்டும் சாப்பிட ஆரம்பித்தான். பிறகு எழுந்துபோய்த் தட்டைக் கழுவினான்.

மத்தியானம் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சகலையின் மடியில் நோட்டுப் புத்தகம், கையில் பேனா. நல்ல மாணவன் மாதிரி இருந்தான்.

“அண்ணா, இருபது நிமிஷம் பேசணும். பத்து வருஷத்துல இந்த யுனிவர்சிட்டி ஆராய்ச்சி எங்க போகணும்னு. எல்லாரும் பேசற மாதிரிப் பேசினா எடுபடாது. உள்ள இருக்கிற விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். துணைவேந்தருக்கு எது பிடிக்கும், எதைத் தொடக் கூடாது, சொல்லுங்க.”

எதைத் தொடக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதை எடுத்து அப்படியே அவன் கையில் கொடுத்தேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. துணைவேந்தர் வந்த முதல் வருடம் அலையோ அலை என்று அலைந்து வாங்கியது. மூன்றாவது மாடியில் குளிரூட்டிய அறை, வாசலில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு. எல்லாம் அமைந்தது, இடம்தான் அமையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட். லிஃப்ட் ஏறி இறங்கினால் தரை அதிரும். மனிதக் காலுக்குத் தெரியாத அதிர்வுதான், ஆனால் மைக்ரோஸ்கோப்புக்கு அது போதும், படம் கலங்கிவிடும். கல்வெட்டு வைத்த கையோடு இதை யார் போய்ச் சொல்வது? நான் பொறுப்புக்கு வந்த புதிது. போய்ச் சொன்னால் பொறுப்பு வேறு ஒருவருக்குப் போய்விடுமோ என்று பயம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ‘லிஃப்ட் பழுது’ என்று ஒரு பலகை எழுதச் சொன்னேன். படம் எடுக்க வேண்டிய நேரத்தில் ஆய்வக உதவியாளர் போய் லிஃப்ட்டை நிறுத்திப் பலகையை மாட்டுவார். படம் எடுத்து முடிந்ததும் கழற்றுவார். கட்டடம் முழுக்க இது தெரியும். துணைவேந்தருக்கு மட்டும் தெரியாது. அவர் மூன்று வருடத்தில் இரண்டு லிஃப்ட் கம்பெனியை மாற்றிவிட்டார்.

இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சகலை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இதை நேரா எடுத்து வையுங்க தம்பி” என்றேன். “அவங்களுக்கு நேர்மைன்னா உயிரு.”

அவன் யோசித்தான். “மொத நாளே போய்க் குத்தம் சொல்ற மாதிரி இருக்காதா அண்ணா?”

“மத்த ரெண்டு பேரும் புகழ்ந்துட்டுப் போவாங்க. நீங்க இதைச் சொன்னாதான் தனியா தெரிவீங்க.” அது பொய்யில்லை. கல்வெட்டைக் குறைசொன்னவனாகத் தனியாகத் தெரிவான்.

“சரி, பிரச்சினையைச் சொன்னா தீர்வும் சொல்லணுமே. மாத்தறதுக்கு வேற இடம் இருக்கா?”

இடம் இருந்தது. பழைய நூலகத்தின் கீழ்த்தளத்தில் முன்பு புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த அறை. இப்போது பூட்டிக் கிடக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் சாவி வாங்கிப் போய், தரையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் லாரி போனது, மேலே மேஜை நாற்காலி இழுத்தார்கள். தண்ணீர் அசையவில்லை. துணைவேந்தருக்கு ஒரு குறிப்பு கூட எழுதினேன், அனுப்பவில்லை. அடைப்புக்குறி போன மறுநாள் முதல் வேலையாக அதைச் செய்து பெயர் வாங்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

“இடமா? எனக்குத் தெரிஞ்சு இல்லையே” என்றேன்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

காலையில் பார்த்தால், சகலை டை கொண்டுவர மறந்திருந்தான். என் மனைவி அலமாரியைத் திறந்து, நான் முதல் நாளே தேய்த்து மடித்து வைத்திருந்த நீல நிற டையை எடுத்தாள். “இவரோடதைக் கட்டிக்கோங்க. இவருக்கு இன்னிக்கு என்ன விசேஷம்?” அவன் கட்டிக்கொண்டான். அவனுக்கு அது என்னைவிட நன்றாக இருந்தது. நான் ஓரத்தில் நூல் பிரிந்த பழைய டையைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் காரிலேயே அவனைக் கூட்டிப்போனேன்.

அவனுக்குப் பத்து மணி. எனக்கு இரண்டரை. ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் நேர்காணல் நடக்கும் அறை என் அறைக்கு எதிரே. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது, புரட்டுவதை நிறுத்தினேன். பிறகு சத்தமே இல்லை. லிஃப்ட் பலகையைப் பற்றிச் சொல்லிவிட்டான் என்று புரிந்தது. மறுபடி கோப்பைப் புரட்ட ஆரம்பித்தேன்.

பதினோரு மணிக்கு என் அறைக்குள் எட்டிப் பார்த்தான். “சொல்லிட்டேன் அண்ணா!”

“மேடம் என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. முகம் செவந்து போச்சு. பேனாவை மூடி வச்சிட்டாங்க.”

“பரவாயில்ல தம்பி, நீங்க உங்க கடமையைச் செஞ்சிட்டீங்க” என்று தோளில் தட்டிக் கொடுத்து அனுப்பினேன். தட்டிக் கொடுத்தேன்! இந்தக் கையால்தான்.

இரண்டரைக்கு, நூல் பிரிந்த டையைக் கட்டிக்கொண்டு நான் உள்ளே போனேன். நீள மேஜைக்குப் பின்னால் துணைவேந்தர், வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள், ஆட்சிக் குழு உறுப்பினர் ஒருவர். இருபது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன், அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருட விவரமெல்லாம் விரல் நுனியில் இருந்தது. வெளியாள் ஒருவர் இரண்டு முறை தலையை ஆட்டினார். என் கதவின் பித்தளைப் பலகையிலிருந்து அடைப்புக்குறி கழன்று விழும் சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது.

“ப்ரொஃபசர், ஒரு சின்னக் கேள்வி” என்றார் துணைவேந்தர். “நம்ம லிஃப்ட்டுக்கு என்ன கோளாறு?”

“லிஃப்ட்டா மேடம்?”

“ரெண்டு கம்பெனி மாத்தினேன். மோட்டார் மாத்தினேன். ஒவ்வொரு மெக்கானிக்கும், ‘மேடம், லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு’ன்னு சொன்னப்ப அவங்களைத் திட்டி அனுப்பினேன். இன்னிக்குக் காலைல ஒருத்தர் வந்து, லிஃப்ட்டுக்கு ஒண்ணும் இல்ல, உங்க மைக்ரோஸ்கோப்புக்குத்தான் இடம் சரியில்லன்னு சொல்றார்.”

வெளியாள் ஒருவர் கைக்குட்டையை எடுத்து இருமினார். இருமல் இல்லை, சிரிப்பு.

“அவருக்கு இது எப்படித் தெரியும்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னார். ‘இங்க ஒளிவு மறைவில்லாம பேசற ஒருத்தர் இருக்கார், அவர் கூட இருந்தா நான் தைரியமா வருவேன்’னு சொன்னார். அவர்கிட்ட சொன்னது நீங்கதானா?”

இல்லை என்று சொன்னால் சகலை பொய்யன். ஆமாம் என்று சொன்னால் நான் யார்?

“ஆமாம் மேடம்.”

“நேத்து வந்தவர்கிட்ட சொல்லியிருக்கீங்க. மூணு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை என்னைப் பாக்கறீங்க. எங்கிட்ட ஏன் சொல்லல?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. “என் முட்டி வலி உங்களுக்குத் தெரியும் ப்ரொஃபசர். எத்தனை தடவை அந்த மூணு மாடியும் ஏறியிருக்கேன். ஒரு தடவை நீங்களே கையைப் பிடிச்சு ஏத்திவிட்டிருக்கீங்க.”

அது உண்மை. ஏற்றிவிட்டேன். அப்போதும் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

“கல்வெட்டுல உங்க பேர் இருக்கு மேடம். வருத்தப்படுவீங்கன்னு...”

“வருத்தப்பட்டிருப்பேன். அப்புறம் மாத்தியிருப்பேன்.” பேனாவைத் திறந்தார். “சரி. எங்க மாத்தலாம்?”

பைண்டிங் அறை நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால், நோயும் தெரியும் மருந்தும் தெரியும், இரண்டையும் மூன்று வருடம் பூட்டி வைத்திருந்தேன் என்றாகிவிடும்.

“யோசிக்கணும் மேடம்” என்றேன்.

சகலையும் கொழுந்தியாளும் அன்று மாலை வண்டியில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். வழியனுப்பும்போது அவன் எப்போதும் போல வாயோயாமல் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை துணைவேந்தர் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜைமேல் ‘லிஃப்ட் பழுது’ பலகை கிடந்தது. “இன்னிக்கு மூணாவது மாடிக்கு லிஃப்ட்லதான் போயிட்டு வந்தேன்” என்றார். பிறகு, சகலையைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார். ஆராய்ச்சிப் பிரிவு நியமனம் என்றால் ஆணையின் வரைவை இயக்குநர் அலுவலகம்தான் தயாரிக்க வேண்டும், இங்கே அதுதான் வழக்கம். இயக்குநர் அலுவலகம் என்றால் நான். என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, என் விரலால் அவன் பெயரை அடித்து, கீழே ‘ஆராய்ச்சி இயக்குநர்’ என்று போட்டேன். பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெறும் ஆராய்ச்சி இயக்குநர். அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளம்பரம் எழுதியது நான். அதை அவனுக்கு அனுப்பி வைத்தவள் என் மனைவி, அனுப்ப வைத்தது என் வாய். நேர்காணலில் என்ன பேசவேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான். டை கூட என்னுடையது. தேர்வுக் குழு நான்கு மாதம் தேடியது என்கிறார்கள், ஆனால் ஆளைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்த்தியது நான்தான்.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கூடத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்கை சேதி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. நான் செருப்பைக் கழற்றும்போது என் போன் அடித்தது. சகலை.

“அண்ணா, உங்க ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வரைவு வந்துச்சு. நீங்கதான் அடிச்சிருக்கீங்க.”

“ஆமாம் தம்பி.”

“அன்னிக்கு மத்தியானம் லேப்டாப் சார்ஜரை மறந்துட்டு நான் திரும்ப வந்தேன் அண்ணா. இன்டர்வியூ ரூம் கதவுல காலைல இல்லாத ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு. ரெண்டரைக்கு யாருன்னு போட்டிருந்தாங்க. உள்ள உங்க குரலும் கேட்டுச்சு.”

நான் செருப்போடு அப்படியே நின்றேன்.

“மைக்ரோஸ்கோப் விஷயத்தை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னீங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.” அவன் குரலில் குத்தல் இல்லை, ஆனால் சிரிப்பும் இல்லை. “யார்கிட்டயும் நான் சொல்லல. அக்காகிட்டயும் சொல்லல, இவகிட்டயும் சொல்லல. நான் இன்னும் கையெழுத்துப் போடல அண்ணா. உங்களுக்கு வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. விட்டுடறேன்.”

விட்டுடுங்க என்று சொல்ல வாய் துடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், துடித்தது. அவனுக்குக் கிடைக்காமல் போனாலே போதும், எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் தோன்றியது.

“அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டேன்.

“யாரு? என்னவாம்?” என்றாள் மனைவி.

சொன்னேன். விண்ணப்பம் போட்டதிலிருந்து பால்கனிவரை, டம்ளர் தண்ணீரிலிருந்து ‘யோசிக்கணும் மேடம்’வரை. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து சுவிட்சை அணைத்தாள்.

“வேண்டாம், வேண்டாம்னு தினமும் சொன்னீங்களே” என்றாள். “அதை நம்பித்தானே அனுப்பினேன். உங்க ஆசையை நானே எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டேனே.”

“நீ என்ன பண்ணுவ? உனக்குத் தெரியாதே.”

“அதைத்தான் கேக்கறேன். மூணு வருஷமா ஏன் எனக்குத் தெரியல?” கண் நிறைந்துவிட்டது. “ஒரே வீட்டுல இருக்கோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரை வாசல்படி ஏற விட்டிருப்பேனா? தோத்துட்டா நான் சிரிப்பேன்னு நினைச்சீங்களா?”

துணைவேந்தர் கேட்ட அதே கேள்வி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் கிடந்த என் போனை எடுத்து நீட்டினாள்.

“கூப்பிடுங்க அவரை. வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் நிஜமா மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கப் போறேன்.”

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“தம்பி, எனக்கு அந்த நாற்காலி வேணும்னு ஆசையா இருந்துச்சு” என்றேன். “இப்பவும் இருக்கு. உங்க மேல எனக்கு வயித்தெரிச்சல். இன்னிக்கு நேத்து இல்ல, உங்க கல்யாணத்துலேர்ந்தே.”



“தெரியும் அண்ணா” என்றான்.

பன்னிரண்டு வருடம் நான் மூடி மூடி வைத்திருந்தது அவனுக்குத் தெரியுமாம். மனைவி நகரவில்லை. வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. உண்மையிலேயே வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

“கையெழுத்துப் போடுங்க. வந்து சேருங்க. பழைய லைப்ரரி கீழ்த்தளத்துல பைண்டிங் ரூம்னு ஒண்ணு பூட்டிக் கிடக்கு. மைக்ரோஸ்கோப்பை அங்க மாத்துங்க. தரை அதிராது. டம்ளர்ல தண்ணி வச்சுப் பாத்தேன். அசையல.”

“எப்ப பாத்தீங்க?”

“மூணு வருஷம் ஆச்சு.”

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டு, கூடையிலிருந்து என் சட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.